சுழற்றிப் பூசுவதா, முக்கி எடுப்பதா?

20 நானோமீட்டர் தடிமனில் பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) படலம் வேண்டும், எந்த முறை? கரைசலைத் தட்டில் விட்டுச் சுழற்றிப் பரப்பும் சுழற்சியா, பொருளைக் கரைசலில் முக்கி மேலே இழுக்கும் முக்கலா? பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் திணறும் இடம் இது.

கரைசல் செலவு: சுழற்சிக்குச் சில துளிகள் போதும், ஆனால் பெரும்பகுதி தெறித்து வீணாகும். முக்குவதற்குக் குவளை நிறைய வேண்டும். மிச்சத்தை மறுபடி பயன்படுத்தலாம்.

தடிமன்: சுழற்சியில், டொலுயீன் என்னும் கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் பாலிஸ்டைரீன், நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 விநாடி. ஏறத்தாழ 20 நானோமீட்டர் கிடைக்கும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் தடிமன் பாதியாகும். முக்கும் முறையில் வேகமாக இழுத்தால்தான் படலம் தடிக்கும். மிக மெதுவாக இழுத்தாலோ ஆவியாதல் மேலோங்கி, அப்போதும் தடிக்கும். பலரைக் குழப்புவது இதுதான்.

வடிவம்: தட்டையான சிலிக்கானுக்குச் சுழற்சி; மூலைகள் மட்டும் தடிக்கும். குழாய், கம்பி, இருபக்கப் பூச்சு என்றால் முக்குவதே வழி.

ஈரப்பதம்: நம் சிங்கப்பூர்க் காற்றில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, நீர்த்துளி படிந்து வெண்மையும் துளைகளும் வரும். இரு முறைக்கும் டொலுயீனே மேல். கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கத் தவறாதீர்கள். ஒரு தூசி போதும், வால்நட்சத்திரம் போல் கோடு விழும்.

தடிமனை அளவிட எலிப்சோமெட்ரி (படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தடிமனைக் கணிக்கும் முறை). 10 நானோமீட்டருக்குக் கீழே தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துத் தேடாதீர்கள், ஒளிவிலகல் எண்ணை 1.59 என நிலைநிறுத்திவிட்டு, ஊசியால் கீறிய விளிம்பை அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்முனையால் தடவிப் பரப்பின் உயரத்தை அளக்கும் கருவி) சரிபாருங்கள்.

தட்டையான சில்லில் ஆய்வுக்குச் சுழற்சி. பெரிய, வளைந்த பொருளுக்கு முக்கல்.