பள்ளித் தோட்டம்: மாடியில் குரோ பேக்கா, தரையில் பாத்தியா?

கிருஷ்ணகிரி நகருக்குள் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தோட்டம் போடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்ததும் இரண்டு யோசனைகள் எழுந்தன. மொட்டை மாடியில் குரோ பேக், அதாவது கலவை நிரப்பிச் செடி வளர்க்கும் பை, வைப்பது ஒன்று. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த செம்மண் தரையைக் கொத்திப் பாத்தி பிடிப்பது மற்றொன்று. நாங்கள் தரையைத்தான் எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மாடிக்கும் நியாயம் உண்டு. ஆடு மாடு ஏறாது, களை குறைவு, பையை நிரப்பிய அன்றே விதை போடலாம். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும், பிள்ளைகளுக்கும் சலிப்பு வராது. தளத்தில் நீர்க்கசிவு, சின்னப் பிள்ளைகளை மேலே ஏற்றி இறக்கும் பயம் இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டினால் ஜூனில்தான் திறப்பார்கள். அந்த வெயிலில் மாடிப் பைகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதை ஊற்றுவது யார்? வாட்ச்மேன் அண்ணன் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆசிரியர்களுக்கும் விடுமுறைதான். பையில் உள்ள தென்னை நார்க்கழிவு ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் மறுபடி சுலபத்தில் நனையாது, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். வெயில் பட்டுப் பட்டு பையும் நைந்துபோகும். போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தால் வெள்ளை படிந்து நிற்கும். அப்புறம் ஒவ்வொரு ஜூனிலும் பைக்கும் கலவைக்கும் பணம் தேட வேண்டும்.

தரையில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் நம் பக்கத்து மானாவாரிப் பயிர்க் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும் ஏறக்குறைய ஒன்று. ஜூனில் பள்ளி திறந்ததும் தரையைக் கொத்தி எரு போட்டு ராகி நாற்று விடலாம். ஆடி பிறக்கும்போது நடவு. நடுவே, நம் ஊர் மானாவாரி நிலங்களில் போடுவது போலவே, ஒரு சால் அவரை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் முக்கால்வாசித் தண்ணீரை வானம் பார்த்துக்கொள்ளும். தீபாவளியை ஒட்டி ராகி அறுப்பு. அவரை பனிக்காலத்தில் காய்க்கும். ராகி போன இடத்தில் கொள்ளு விதைத்தால் சுமார் 100 நாளில் கைக்கு வந்துவிடும். காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 ரகக் கொள்ளு மானாவாரிக்கு ஏற்றது. முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பாத்தி காலி. மேலே சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கேட்டைப் பூட்டலாம். ஓரத்தில் நிற்கும் முருங்கையும் வேப்பங்கன்றும் வேர் பிடித்துவிட்டால் கோடையைத் தாங்கிக்கொள்ளும்.

பாடம் நடத்தவும் தரைதான் தோது. கொள்ளுச் செடி பூக்கும் பருவத்தில் ஒன்றைப் பிடுங்கி, வேரைப் பக்கெட் தண்ணீரில் அலசிப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் இடம் அது. அந்தச் சிவப்புக்குக் காரணமான லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. அபார்ட்மெண்டில் வளரும் பிள்ளைகள் முடிச்சுக்கு முடிச்சு கிள்ளிப் பார்த்தார்கள், மணி அடித்தும் நகரவில்லை. பையிலும் இதைக் காட்டலாம், ஆனால் நார்க்கழிவில் அந்தப் பாக்டீரியா கொண்ட ரைசோபியம் உயிர் உரத்தை நாம்தான் கலக்க வேண்டும். மழைக்குப் பிறகு மண்புழு மேலே வருவது, மண் இறுகி மேலோடு கட்டுவது, சரிவில் தண்ணீர் மண்ணை அரித்துப் போவது எல்லாம் தரையில் தானாக நடக்கும் பாடங்கள்.

முற்றம் முழுக்க சிமெண்ட் போட்ட பள்ளிக்கு நான் என்ன சொல்ல? அங்கே பைதான் வழி. ஜூன் முதல் மார்ச் வரை மட்டும், கீரை, கொத்தமல்லி, வெந்தயம் என்று குறுகிய நாள் பயிர்களோடு நிறுத்திக்கொண்டால் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். டைமர் வைத்த சொட்டுநீர் கோடையைச் சமாளிக்கும் என்கிறார்கள். நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை என்பதால் உறுதி சொல்ல மாட்டேன். ஓசூர்ப் பக்கம் வெயில் கொஞ்சம் தணிவு, அங்கே மாடிக் கணக்கு வேறாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சென்ட் வெறும் மண் இருந்தாலும், அதில் பேவர் பிளாக் பதிக்கும் முன் தலைமை ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.