சதுப்பின் ஓரமாக ஏழு ஆண்டுகள்: சைக்கிள் பயணத்தில் எதிர்ப்பட்ட உயிர்களும் அவற்றுக்காக நான் மாற்றிக்கொண்டவையும்

2018 ஜூன் மாதத்திலிருந்து, சென்னையின் மேடவாக்கத்தில் உள்ள என் வீட்டிலிருந்து துரைப்பாக்கத்தில் உள்ள அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்று வருகிறேன். ஒருவழித் தூரம் சுமார் 9 கி.மீ. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் பல மாதங்கள் நின்றுபோன பயணம், அதைத் தவிர்த்து மழைக்காலத்திலும் கோடையிலும் தொடர்ந்திருக்கிறது. இதுவரை 20,000 கி.மீ. தாண்டியிருக்கும். சைக்கிளின் கியர், டயர், இருக்கை ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்த வழியில் என் பயணத்தைத் தீர்மானித்தவை விலங்குகள்தாம். எனவே அவற்றைப் பற்றியும், அவற்றுக்காக நான் வாங்கிப் பொருத்திய பொருள்களில் எவை உதவின, எவை உதவவில்லை என்பதைப் பற்றியும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி சாலையில் வடக்கே வந்து, பள்ளிக்கரணையைக் கடந்து, துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வரை நீளும் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நடுவே போடப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பின் பரப்பு 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். சாலையின் வடபுறம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. தென்புறம் கோரையும் திறந்த நீருமாக விரியும் சதுப்பு. நாம் இடப்பக்கமாகச் செல்பவர்கள் என்பதால், காலை ஆறரை மணிக்கு அலுவலகம் போகும்போது நான் குப்பைக் கிடங்கின் ஓரமாகவும், இரவு ஏழு மணிக்குத் திரும்பும்போது சதுப்பின் ஓரமாகவும் ஓட்டுகிறேன். இதனால் காலையில் எனக்கு நாய்கள். இரவில் பாம்புகளும் தவளைகளும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் எனக்கு விளங்காமல் இருந்தது, சைக்கிள் எவ்வளவு அரவமற்ற வண்டி என்பதே. காரும் பைக்கும் வருவதை ஒரு நாயோ எருமையோ நூறு மீட்டருக்கு முன்பே காதால் அறிந்துகொள்கிறது. சைக்கிள் நடப்பவரைப் போல மூன்று மடங்கு வேகத்தில், ஏறக்குறைய ஓசையே இல்லாமல், திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்த அமைதியால்தான் பறவைகளை இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிகிறது. எனக்கு நேர்ந்த மோதல்களுக்கும் அந்த அமைதியே காரணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு, விலங்குகளை விரட்டும் பொருள்களைத் தேடுவதை விட்டுவிட்டு, என் வருகையை அவற்றுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வழிகளைத் தேடத் தொடங்கினேன்.

நாய்களைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும். கிடங்கின் ஓரத்தில் வாழும் நாய்கள் தெருவில் வீட்டார் சோறு வைக்கும் நாய்களைப் போன்றவை அல்ல. கூட்டமாக வாழ்பவை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தெளிவான எல்லை உண்டு. ஒரு கூட்டம் துரத்தும் தூரம் அதன் எல்லை முடியும் இடம் வரைதான் என்பதைப் பல மாதங்கள் கவனித்து அறிந்தேன். அறிவதற்கு முன் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: வேகமாக மிதித்துத் தப்ப முயன்றேன். ஓடும் காலைக் கண்டால் துரத்துவது நாயின் இயல்பு. நாம் வேகம் கூட்டக் கூட்ட அதுவும் கூட்டும். 2020 ஜனவரியில், சாலையோரக் கல்வெர்ட்டின் (சிறுபாலத்தின்) அடியில் குட்டி போட்டிருந்த ஒரு பெண் நாய் என் இடது கெண்டைக்காலில் கடித்தது. குட்டிகள் இருப்பது எனக்குத் தெரியாது. நான் வருவது அதற்கும் தெரியவில்லை. பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஃப்ரீவீல் ஓசையோடு மூன்றடி தூரத்தில் கடந்தபோது அது பாய்ந்தது. அந்த நாய்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கடிபட்டவர்கள் தயங்கக் கூடாது என்பதால் அதன் பிறகு செய்தவற்றையும் எழுதிவிடுகிறேன். அருகில் இருந்த தேநீர்க் கடையின் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினேன். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை. பல் ஆழமாகப் பதிந்து இரத்தம் வந்திருந்ததால், அன்றே அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்தினார்கள். வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் இடும் முறையில் அன்றும், 3, 7, 28ஆம் நாள்களிலும் போட்டுக்கொண்டேன். வலி குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்துபவர்களை நானே அறிவேன். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகவே நான்கு தவணைகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

அதற்குப் பிறகு பயந்துபோய் மூன்று பொருள்களை முயன்றேன். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி நாயை விரட்டும் என்று விற்கப்பட்ட கருவியை ஆறு மாதம் ஹேண்டில்பாரில் வைத்திருந்தேன். இரைச்சலான சாலையில் ஒரு நாய்கூட அதற்குத் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை. கேரியரில் செருகிய கம்பு, எடுக்கும் முன்பே காரியம் முடிந்துவிடும் என்பதால் பயன்படவில்லை. அதோடு, கம்பைக் கண்டு குரைக்கும் நாய்கள் கம்பு இல்லாதவரைப் பார்த்துக் குரைக்கும் நாய்களைவிட அதிகம். தண்ணீர் பீய்ச்சும் குப்பி ஓரளவு உதவியது, ஆனால் ஒரு கையை விட்டு ஓட்ட வேண்டியிருந்தது. மூன்றையும் கைவிட்டேன்.

நிலைத்து நின்றது ஒரு பழைய பித்தளைப் பெல். அதை எப்போது அடிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாய்க்குப் பக்கத்தில் வந்து அடித்தால் அது மிரளும். முப்பது நாற்பது மீட்டர் முன்பே மென்மையாக இரண்டு முறை அடித்தால், படுத்திருப்பது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். அப்படியும் எழுந்து வருமானால், வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்து, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே எல்லை முடியும் வரை உருட்டிச் செல்கிறேன். சைக்கிளில் வந்த ஏதோ ஒன்று நடக்கும் மனிதனாக மாறியதும் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. கடிபட்ட நாளுக்குப் பின் ஐந்து ஆண்டுகளில் இந்த முறை என்னை ஒரு தடவையும் கைவிடவில்லை. தினமும் அதே நேரத்தில், அதே பெல் ஓசையோடு போவதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். நான் நேரம் தவறிப் போகும் நாள்களில் குரைப்பு கூடுதலாக இருக்கிறது.

மாடுகளைப் பொறுத்தவரை சிக்கல் இரவில்தான். ஈரமான தரையைவிடத் தார்ச்சாலை காய்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருப்பதால் மழைக்காலத்தில் அவை சாலையில் வந்து படுக்கின்றன. கறுத்த எருமை இருட்டில் இருப்பதே தெரியாது. விளக்கொளியில் கண் மின்னினால்தான் உண்டு, அது மறுபக்கம் பார்த்துப் படுத்திருந்தால் அந்த மின்னலும் கிடையாது. மேய்ந்து திரும்பும் எருமைக் கூட்டத்தைக் கடக்கும்போது தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் புகக் கூடாது.

சித்திரை, வைகாசியில் காகங்கள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். அப்போது பள்ளிக்கரணையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் என் தலைக்கவசத்தைப் பின்னாலிருந்து கொத்திவிட்டுப் போகும். காகம் எப்போதும் நாம் கடந்த பிறகே, முதுகுப்புறமாகத் தாக்குகிறது. அந்த மூன்று வாரம் எதிர்ச்சாரி வழியாகச் சைக்கிளை உருட்டிப் போவதைத் தவிர நான் வேறு எதுவும் செய்வதில்லை.

பறவைகளுக்காகவே இந்த வழியை விடாமல் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையில்லை. மார்கழி, தை மாதக் காலைகளில் மூடுபனி விலகும்போது கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி, ஒரே நேரத்தில் அலகை நீருக்குள் இறக்கி மீனை வளைப்பதைச் சாலையோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நீலத் தாழைக்கோழிகள் கோரைத் தண்டைக் காலால் பிடித்து உரித்துத் தின்னும். நல்ல நீர் நிற்கும் ஆண்டுகளில் பூநாரைகள் தொலைவில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். இந்த விஷயத்தில் சைக்கிளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் வரை கொக்கோ பவளக்காலியோ அசைவதில்லை, காலைத் தரையில் ஊன்றி நின்ற கணத்திலேயே பறந்துவிடும். எனவே பார்க்க விரும்பும் இடத்துக்கு இருபது மீட்டர் முன்பாகவே நின்றுவிடுவது என் வழக்கம். ஒரு மழைநாளின் காலையில் கானாங்கோழி ஒன்று கரிய பஞ்சு உருண்டைகளைப் போன்ற ஐந்து குஞ்சுகளுடன் வடபுறத்திலிருந்து தென்புறத்துக்குக் கடக்க முயன்றது. நான் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கையை உயர்த்தினேன். பின்னால் வந்த தண்ணீர் லாரியின் ஓட்டுநர் ஒலி எழுப்பாமல் காத்திருந்தார். சாலை நடுத்தடுப்பின் இடைவெளியில் நான்கு குஞ்சுகள் புகுந்துவிட்டன. ஐந்தாவதைக் கையில் எடுத்து அப்பால் விட வேண்டியிருந்தது. சாலை போடப்படும் முன் இரண்டு பக்கமும் ஒரே நீர்ப்பரப்பு. அந்தக் கோழி தன் வீட்டுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

இனி இரவுப் பயணம். பள்ளிக்கரணை கண்ணாடி விரியனுக்குப் பெயர்போன இடம். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறும்போது பாம்புகள் மேட்டை நாடுகின்றன. அங்கே உள்ள மேடு சாலை ஒன்றுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்த வாரத்தில் மட்டும் சாரைப்பாம்பு இரண்டும், தண்ணீர்ப் பாம்புகள் பலவும், கண்ணாடி விரியன் ஒன்றும் கண்டேன். விரியன் விலகி ஓடுவதில்லை. சுருண்டு கிடந்து, குக்கரில் ஆவி வெளியேறுவதைப் போல உரக்கச் சீறும். பெல் ஓசை பாம்புக்குப் பொருட்டல்ல. அதை விலக்கவும் முடியாது. நாம்தான் முன்பே கண்டு நிற்க வேண்டும்.

இங்கேதான் என் மிகப் பயனுள்ள மாற்றம் நிகழ்ந்தது. பல ஆண்டுகள் ஹேண்டில்பாரில் ஒரு பிரகாசமான விளக்கை மட்டும் வைத்திருந்தேன். மேலிருந்து விழும் ஒளியில் தரையோடு தரையாகக் கிடக்கும் பாம்பும் தாரில் ஒட்டுப் போட்ட இடமும் ஒன்று போலவே தெரியும். 2022இல் இரண்டாவது விளக்கு ஒன்றை முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில், அச்சுக்கு ஒரு சாண் மேலே பொருத்தினேன். தாழ்வான ஒளி சிறு கல்லுக்குக்கூட நீண்ட நிழலை உண்டாக்குகிறது. தவளை, நண்டு, நத்தை, பாம்பு என எல்லாம் தம் உருவத்தைவிடப் பல மடங்கு பெரிய நிழலுடன் பதினைந்து மீட்டருக்கு முன்பே எழுந்து நிற்கின்றன. அதற்குத் தக்கபடி வேகத்தையும் மணிக்கு 12 கி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். நீல வெண்மை ஒளியைவிட மஞ்சள் சாய்ந்த ஒளி பூச்சிகளைக் குறைவாக ஈர்ப்பதால் இரண்டு விளக்குகளையும் அந்த நிறத்துக்கு மாற்றினேன். பாம்பைக் கண்டால் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, பின்னால் வருபவர்களுக்குக் கைகாட்டி, அது கடக்கும் வரை காத்திருக்கிறேன். கம்பால் தள்ள முயல்வதுதான் கடிபடும் வழி. மழைக்காலம் முழுவதும் கணுக்காலை மூடிய காலணியும் அணிகிறேன்.

அந்திப் பூச்சிகளுக்கு நிறமற்ற கண்ணாடி கட்டாயம். கண்ணில் ஒரு வண்டு மோதி ஒரு மாலை முழுவதும் பார்வை மங்கிய பின்பே இதை உணர்ந்தேன். ஐப்பசியில் தட்டான்கள் கூட்டமாகச் சாலையின் குறுக்கே மிதந்து செல்லும். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்று என் பாட்டி சொல்வார்; அப்படிப் பார்த்த மாலைகளில் மழை அங்கியைப் பைக்குள் மேலாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். அணில்தான் எனக்கு மிகுந்த துயரம் தந்தது. பாதி கடந்தபின் மனம் மாறித் திரும்பி ஓடும் அதன் பழக்கத்தால், 2021இல் ஒன்று முன்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி இறந்தது. நான் விழவில்லை, எழுந்திருக்க வேண்டியதும் நான் அல்ல. அன்றிலிருந்து அணிலைக் கண்டால், கடந்துவிட்டது என்று தோன்றினாலும், முழுவதுமாக நிறுத்துகிறேன்.

தவளைகளுக்கு மட்டும் எந்தப் பொருளும் தீர்வு தரவில்லை. கோடை கழிந்து முதல் பெருமழை பெய்யும் இரவிலும், பருவமழையின் முதல் சில இரவுகளிலும், சதுப்பின் ஓரமாக ஏறக்குறைய 400 மீட்டருக்குச் சாலை முழுவதும் தவளைகளும் தேரைகளும் நிறைந்துவிடும். தாழ்வான விளக்கு அவற்றைக் காட்டுகிறது, ஆனால் சக்கரம் நுழைய இடம் விடுவதில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த இரவுகளில் மட்டும் கல்வெர்ட்டுக்கு முன்பே இறங்கி, ஃபோர்க் விளக்கைக் கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடித்து, அடுத்த பேருந்து நிறுத்தம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறேன். அதற்கு எனக்குக் கூடுதலாக ஆறு ஏழு நிமிடங்கள் ஆகின்றன.