செங்கோட்டையில் ஒரு பைத்தான் வகுப்பு

செங்கோட்டை ரயில் நிலையத்திற்கு அருகில், ஒரு மாடியில் நடக்கும் சிறிய கணினிப் பயிற்சி மையத்தில், பிளஸ் டூ செல்லவிருந்த என் மகளுடன் கோடை விடுமுறையில் நானும் சேர்ந்தேன். பாடநூலில் இருக்கும் பைத்தான் என்ற நிரல்மொழியின் மடக்குகள், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளைகள், அவளுக்குப் பிடிபடவில்லை. கடை வைத்திருக்கும் எனக்கோ வெறும் ஆர்வம்தான்.

ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைக் கூட்டுவது முதல் பயிற்சி. 55 வர வேண்டிய இடத்தில் மகளுக்கு 45 வந்தது. ஆசிரியை பிழையைத் திருத்தித் தரவில்லை. ஒரு தாளை நீட்டி, ஒவ்வொரு சுற்றிலும் எண் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னார். ஒன்பதாவது வரியோடு சுற்றுகள் முடிந்துவிட்டதைக் கண்டதும், பத்து சேரவே இல்லை என்பது அவளுக்கே விளங்கிவிட்டது. எங்கே தொடங்கி எங்கே நிற்பது என்று மடக்குக்குச் சொல்லும் ‘ரேஞ்ச்’சில் இரண்டாவதாகக் கொடுக்கும் எண், கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியைப் போன்றது, வண்டி அதற்கு முன்பே நின்றுவிடும், ஆகவே 1, 11 என்று கொடுக்க வேண்டும் என்றார் ஆசிரியை. 1956 நவம்பரில் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊரில் எல்லையைப் பற்றித் தனியாக விளக்கவா வேண்டும்? ஆரியங்காவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இதையே மலையாளத்திலும் சொன்னார்.

என் பிழை வேறு. மொத்தத்தைப் பூஜ்ஜியமாக்கும் வரியையும் மடக்குக்குள் தள்ளி எழுதியிருந்ததால், விடை 10 என்று வந்தது. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் கல்லாவைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது புரிந்தது. நாங்கள் எழுதிய இந்த ‘ஃபார்’ மடக்கை இவ்வளவு பொறுமையாக வேறெங்கும் சொல்லித் தருவார்களா என்பது ஐயமே.

நிபந்தனை பொருந்தும்வரை சுற்றும் ‘வைல்’ மடக்குக்கு அந்தப் பொறுமை கிட்டவில்லை; ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை ஒன்று உயர்த்தும் வரியை ஒரு மாணவன் மறந்துவிட, நிரல் நிற்காமல் ஓடியது. கன்ட்ரோல் விசையோடு சி-யை அழுத்தினால் போதும் என்று சொல்லாமல், உதவியாளர் மின் இணைப்பையே துண்டித்தார். ஏன் நிற்கவில்லை என்பதைக் கடைசிவரை யாரும் விளக்கவில்லை. கணினிகளும் போதவில்லை, இருவருக்கு ஒன்றுதான்.

ஆயினும், பத்து வரையுள்ள இரட்டை எண்களைக் கூட்டும் பயிற்சியை மகள் வீட்டில் தானாகவே செய்தாள். தட்டச்சு செய்வதற்கு முன்பே, பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் 2, 6, 12, 20, 30 என்று எழுதி வைத்திருந்தாள்.