அலுமினிய ஊன்றுகோல்: உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் எது தாங்கும்?

ராமநாதபுரம் பக்கத்து மருந்துக் கடைகளில் ஊன்றுகோல் பொதுவாக நாலு விதம்: ஒற்றைக்கால் அலுமினியக் கம்பு, நான்கு கால் கம்பு, மடக்குக் கம்பு, பழைய வளைபிடி மரக்கம்பு. விலை சுமார் 300 ரூபாயில் தொடங்கும். நான்கு கால் வேண்டுமென்றால் 1,000 வரை போகும். வீட்டுக்குள் டைல்ஸ், வாசலில் மணல், தெருவில் தார் ரோடு, கோயிலுக்குப் போனால் ஈரக் கருங்கல். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் இத்தனை தரையிலும் கால் வைக்க வேண்டிய ஊர் இது. போதாததற்கு உப்புக் காற்று வேறு. இதையெல்லாம் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைக்கால் அலுமினியக் கம்பே போதும். எடை அரைக் கிலோவுக்குள்தான், கை அசராது. ஆனால் கடையில் கொடுத்தபடியே ஊன்றக் கூடாது, ஏனென்றால் அதோடு வரும், அடி நுனியில் மாட்டும் ரப்பர் புஷ் பெரும்பாலும் மட்டம். அலுமினியக் குழாயின் விளிம்பு மெலிசு. உடம்பின் பாரம் இறங்க இறங்க, அது உள்ளிருந்தே ரப்பரை வட்டமாக அறுத்துக்கொண்டு வரும். வெளியே பார்த்தால் புஷ் புதுசு மாதிரியே இருக்கும். ஒருநாள் டைல்ஸில் உலோகம் நேராகப் பட்டு வழுக்கும்போதுதான் விஷயம் தெரியும். மாதம் ஒருமுறை புஷ்ஷைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். உள்ளே எஃகு வாஷர் வைத்த புஷ் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பத்திருபது ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை. குழாய் 19 மி.மீ., 22 மி.மீ. என்று பல அளவில் வருவதால் கம்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது நல்லது. தளர்ந்த புஷ்ஷுக்குள் துணி சுற்றி இறுக்குவது பலர் செய்வது. அது ஊன்றும்போது திருகிக்கொள்ளும், ஈர மணலில் கழன்று அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது உயரம். கம்பு வைத்திருப்பவர்களில் பலருக்கு இது சரியாக இருப்பதில்லை. வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை இன்னொருவர் அளக்க வேண்டும். தானே குனிந்து அளந்தால் தப்பாகத்தான் வரும். பிடி அந்த உயரத்தில் இருந்தால் ஊன்றும்போது முழங்கை 15 முதல் 20 டிகிரி மடங்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கும், குறைந்தால் உடம்பு முன்னால் சாயும். துளைகள் பெரும்பாலும் 2.5 செ.மீ. இடைவெளியில் இருக்கும். சர்க்கரைக்காரர்கள் போடும் தடித்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பின் அடியும் கிட்டத்தட்ட அவ்வளவு கனம் என்பதால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகும்போது ஒரு துளை இறக்கிக்கொள்ளலாம்.

உயரத்தை மாற்றும் பொத்தான்தான் உப்புக் காற்றுக்கு முதலில் பலியாவது. குழாய் அலுமினியம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகு. இரண்டும் ஒட்டியிருக்க உப்பீரமும் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் வரும், குழாய்க்குள் வெள்ளைப் பொடி பூக்கும். கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிற மாதங்களில் துளைக்குள் மணலும் ஏறும். பொத்தான் பாதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பு, பாரம் ஏறினால் சடாரென்று உள்ளே இறங்கிவிடும். வாரம் ஒருமுறை இரண்டு குழாயையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, ராத்திரி முழுக்கத் தனித்தனியாகக் காயவிடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் குடிதண்ணீரில் ஒரு செம்பு செலவழித்தால் குற்றமில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஸ்பிரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு. வெளிக்குழாயில் பட்டால் மணல் அப்பிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும்.

நான்கு கால் கம்பு பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுகிறவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறவர்களுக்கும் நல்லது. மட்டத் தரையில் நாலும் சேர்ந்து பதிந்தால்தான் அதற்கு மரியாதை. மணலில் ஒரு கால் புதைந்தால் கம்பே சாயும். வெளியே நீட்டிய கால்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கை மாற்றிப் பிடித்தால் அடிப்பாகத்தையும் திருப்பி மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் அந்தக் காலே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. பழைய வீடுகளின் ஒடுக்கமான மாடிப்படியில் இதை வைக்க இடமே இருக்காது.

மடக்குக் கம்பு பஸ் பயணத்துக்குச் சௌகரியம், அவ்வளவுதான். மூட்டுகளில் மணல் ஏறிக் கடகடக்கும், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு வெயிலில் தளரும். மரக்கம்பு துருப்பிடிக்காது, பிடியும் வேர்வையில் வழுக்காது. ஆனால் அளவுக்கு வெட்டும்போது புஷ்ஷின் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. ஊன்றுகோல் பிடிக்க வெட்கப்பட்டுக் குடையை ஊன்றி நடக்கும் பெரியவர்கள் ஏராளம். குடைக் கம்பி மெலிசு, நுனியும் வழுக்கும். விழுந்துவிடுவோமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கினால் கால் இன்னும் தளரும், திண்ணைப் பேச்சும் போய்விடும். அதைவிடக் கம்பே கௌரவம்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள் உள்ளே போகுமுன் புஷ்ஷின் அடிப்பள்ளங்களில் சிக்கிய மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். ஈரக் கல்லில் அந்த மணலே கம்பை உருட்டிவிடும். பள்ளிவாசலில் ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை கால் கழுவும்) இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். நனைந்த சேலையும் வேட்டியும் காலைச் சுற்றும். துணைக்கு வருபவர் நோகும் கால் பக்கம், அரை அடி பின்னால் நடந்து இடுப்பைப் பிடிக்கட்டும், கம்பு பிடித்த கையை அல்ல. மணலில் நடக்க ஆசையென்றால் அலை நனைத்து இறுகிய ஈர மணல்தான் இடம், அதுவும் அலை அடங்கிய பெண் கடல் (வடக்கே பாக் நீரிணை) பக்கம். வாடைக் காலத்தில் அங்கும் வேண்டாம்.

கம்பு எப்போதும் நோகும் காலுக்கு எதிர்க்கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கம்பும் நோகும் காலும் முதலில். இரண்டு காலும் தளர்ந்தவர்களுக்கு எந்தக் கம்பும் உதவாது, வாக்கர்தான் வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறவர்கள் கம்பு வாங்குமுன் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உயரம் சரியா என்று அவர்களிடமே பார்க்கச் சொல்லலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்ட முகாம்களில் ஊன்றுகோலும் வாக்கரும் இலவசம். விவரத்துக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.