எஸ்.சி.சி. ஆன்டிஜன் பரிசோதனை: சிகிச்சைக்கு முன் எடுத்தால்தான் மதிப்பு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எழுதப்படும் டியூமர் மார்க்கர்களில் (கட்டியின் அடையாளமாக ரத்தத்தில் அளக்கப்படும் பொருள்களில்) அதிகம் பயன்படுவது எஸ்.சி.சி. ஆன்டிஜன். 1977-இல் இதே புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்தெடுத்த புரதம். நோய் இருக்கிறதா என்று பார்க்க இதை வாங்கினால் பணம் வீண். ஆரம்ப நிலையில் பாதிப் பேருக்கு மேல் அளவு இயல்பாகவே இருக்கும். அந்த வேலைக்கு எச்.பி.வி. வைரஸ் பரிசோதனையும், கர்ப்பப்பை வாய் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இருக்கின்றன. பயாப்ஸியில் (திசுத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனையில்) நோய் உறுதியான பிறகுதான் இதற்கு வேலை.

பயாப்ஸி அறிக்கையில் 'ஸ்குவாமஸ்' (தட்டை செல் வகை, எஸ்.சி.சி.யின் முதல் 'எஸ்' இதுதான்) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'அடினோகார்சினோமா' (சுரப்பி செல் வகை) என்றால் எஸ்.சி.சி. பெரிதாக உதவாது, சி.ஏ. 125, சி.இ.ஏ. என்ற வேறு மார்க்கர்கள் பக்கம் போகலாம், அவையும் சுமார்தான். எல்லா மார்க்கரையும் சேர்த்து விற்கும் பேக்கேஜ் யாருக்கும் தேவையில்லை.

பல ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராம் வரை இயல்பு என்கின்றன. கட்டி பெரிதாகப் பெரிதாக, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவப் பரவ அளவு ஏறும். சிகிச்சைக்கு முன் மிக அதிகமாக இருந்தால் கணுக்களில் நோய் இருக்கவும், பின்னால் திரும்பி வரவும் வாய்ப்பு கூடுதல். ஆனால் எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பதில் ஒருமித்த முடிவில்லை. சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோவின் 2018 நோய் நிலைப் பிரிப்பிலும் இதற்கு இடமில்லை. கணுவைக் காட்ட வேண்டியது ஸ்கேனும் பயாப்ஸியும்தான்.

இதன் பெரிய குறை, பொய்யான ஏற்றம். இந்தப் புரதம் தோலிலும் எச்சிலிலும் வியர்வையிலும் தாராளமாக இருக்கிறது. மாதிரியைக் கையாள்பவர் கையுறை இல்லாமல் குழாயின் உள்மூடியைத் தொட்டாலோ, திறந்த குழாய்க்கு மேல் தும்மினாலோ, பேசினாலோ எண் எகிறிவிடும். சோரியாசிஸ், எக்ஸிமா போன்ற தோல் நோய் உள்ளவர்களுக்கும் ஏறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் ஏறும், இந்த நோயில் ஏமாற்றும் இடம் இதுதான்: கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடும், கூடவே எஸ்.சி.சி.யும் கூடும். அந்த ஏற்றத்தில் கட்டியின் பங்கு எவ்வளவு, சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அடைப்பை நீக்க ஸ்டென்ட் (சிறு குழாய்) வைத்தபின் எடுத்த எண்ணை முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, சிகிச்சை கேட்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதனால் அதே நாளில் கிரியேட்டினினும் எடுத்தாக வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கிட்களில் (ஆய்வகம் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் தொகுப்புகளில்) அது அளவைக் குறைத்துக் காட்டும்.

நல்ல பக்கம், இது ரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது. அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சில மணி நேரம்தான். கட்டி முழுதாக அகற்றப்பட்டிருந்தால் சில நாள்களிலேயே இறங்கிவிடும். கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்த சிகிச்சை முடிந்து ஓரிரு மாதம் கழித்தும் இறங்காமல் நின்றால், மிச்ச நோய் இருக்கிறதா என்று பி.இ.டி.-சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. நோய் திரும்பும்போது அறிகுறி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே ஏறுவதும் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் எண்ணே இயல்பாக இருந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியை நம்ப முடியாது. அந்த முதல் எண்ணை எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், பின்னால் வரும் '1.2' நல்ல செய்தியா, அர்த்தமற்ற எண்ணா என்று சொல்ல யாராலும் ஆகாது.

முதல் 2 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கும் நாளிலேயே ரத்தம் கொடுத்தால் போதும். ஆய்வகத்தை மாற்றாதீர்கள்: ஒரு நிறுவனக் கிட்டின் 1.4-ம் இன்னொன்றின் 2.3-ம் ஒரே ரத்தமாக இருக்கலாம். அறிக்கையில் கிட்டின் பெயரை அச்சிடாத ஆய்வகத்தைத் தவிர்ப்பது நல்லது. ஏறியிருந்தால் பதறாமல் 2 முதல் 4 வாரத்தில், அதே இடத்தில், புது மாதிரி கொடுங்கள். மறுபடியும் ஏறினால் ஸ்கேன். கீமோவை ஒருபோதும் இந்த எண்ணை மட்டும் வைத்துத் தொடங்கச் சொல்லாதீர்கள்.