கோசி ஏரிக்கரை விடுதி: நிலவைப் பார்த்து நாள் குறிப்பவர்கள்

இறகும் நூலும் கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசும் தூண்டிலுடன் வெப்பக்கடல் ஓரத்துக்குச் செல்ல நினைக்கும் டர்பன் தமிழர்களில் பலர் முதலில் பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்து அறையைப் பதிவு செய்துவிட்டு, மீனைப் பற்றிய யோசனையை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில், மங்குசி ஊரைத் தாண்டி, கோசி ஏரித்தொடரின் கரையில் இருக்கும் ஒரு சிறு விடுதியைப் பற்றி இங்கே எழுதக் காரணம், அவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதுதான். எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த அறை வேண்டும் என்பதற்கெல்லாம் முன்னால், குறித்த நாளை ஒரு வாரம் முன்னோ பின்னோ தள்ள முடியுமா என்று கேட்டார்கள்; அத்துடன் அந்த மாதத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் அனுப்பிவைத்தார்கள். நிறையோடு குறையையும் சொல்லப் போவதால் விடுதியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்த அட்டவணை ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். அவ்வாறு வற்றும் நேரம் ஏறக்குறைய காலை பத்து மணியை ஒட்டி அமைகிறது. அதற்குப் பின் நீர் மெல்லத் திரும்பி மணல்திட்டுகளின் மேல் ஏறத் தொடங்கும்போது சூரியன் உச்சியை நெருங்கியிருக்கும். கண்ணால் மீனைக் கண்டு, அதன் முன்னால் ஃப்ளையை இட்டுப் பிடிக்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. ஏறும் நீரோடு சேர்ந்து மீன் இரை தேடி மேட்டுக்கு வருகிறது, தலைக்கு மேலிருக்கும் வெளிச்சம் நீரின் அடிவரை இறங்குகிறது. அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களிலோ நிலைமை வேறு. அப்போது காலை பத்து மணிக்கு நீர் உயர்ந்து நிற்கும்; ஏற்ற இறக்கத்தின் வீச்சும் குறைவு. நீர் வற்றும் மாலை நான்கு மணிக்கு வெயில் சாய்ந்து, நீர்ப்பரப்பு முழுவதும் பளபளப்பாகி, எதிரே வந்து நிற்கும் மீன்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அறை வாடகை இரண்டு வாரங்களிலும் ஒன்றுதான். கிடைக்கும் மீன்பிடிப்பு ஒன்றல்ல. முகத்துவாரத்தில் நீர் திரும்பிவிட்ட பிறகும் ஏரிக்குள் சிறிது நேரம் வெளிநோக்கியே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும், ஆகையால் டர்பன் துறைமுகத்துக்கான நேரத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் அவர்கள் மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்கள்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு கணக்கும் சேர்கிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி ஆகிய மூன்றும் நிறைநிலவை ஒட்டியே வருகின்றன. காவடி எடுப்பவர்களின் வீட்டில் அதற்கு முந்தைய விரத நாட்களும் போய்விடும். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் தீமிதிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஈஸ்டர் விடுமுறையும் இல்லை. புரட்டாசி முழுவதும் மீனைத் தொடாத வீடுகள் இந்நாட்டில் எத்தனையோ உண்டு; ஆடி மாதத்தில் வார இறுதிகளைக் கூழ் ஊற்றும் வழிபாடுகள் எடுத்துக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் வரும் அமாவாசையை ஒட்டிய நாட்களே நமக்குப் பெரும்பாலும் கைக்கு எட்டுபவை. கோடை மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, குளிர்காலத் தென்மேற்குக் காற்று இன்னும் வலுக்காத காலமும் அதுவே. வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டியை எடுத்துக்கொண்டு பதிவுக் கடிதம் எழுத உட்காருங்கள் என்பதே என் பரிந்துரை.

கோசி என்பது நான்கு ஏரிகள் ஒன்றோடொன்று வாய்க்கால்களால் இணைந்து, ஒரே முகத்துவாரம் வழியாக இந்தியப் பெருங்கடலில் கலக்கும் அமைப்பு. கடலுக்கு மிக அருகில் உள்ள மக்கவுலானி உப்பு மிகுந்தது; அடுத்து ம்புங்வினி; மூன்றாவதான ந்லாங்கே மிகப் பெரியது; நான்காவதான அமன்சிம்ன்யாமா நன்னீர் ஏரி. தென்னாப்பிரிக்காவில் வேறெங்கும் வளராத சதுப்புநில மரவகைகள் இந்த முகத்துவாரத்தை ஒட்டி நிற்கின்றன. இந்தப் பகுதி முழுவதும் 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் அடங்கும். நீர்யானையும் முதலையும் இதே நீரில் வாழ்கின்றன. காளைச் சுறாவும் ஏரிக்குள் வந்து போகும். ஆகவே எங்கே இறங்கி நடக்கலாம், எங்கே படகை விட்டு இறங்கவே கூடாது என்பதை வழிகாட்டியே முடிவு செய்கிறார். அதில் வாதத்துக்கு இடமில்லை என்பதை முதல் மாலையிலேயே, குழந்தைகளும் கேட்கும்படி, தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துச் செல்ல வேண்டும், அப்போதுதான் மணலுக்குள் கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகும் என்பதும் அப்போதே சொல்லப்பட்டது.

இந்த விடுதியின் உண்மையான செல்வம் அதன் வழிகாட்டிகள்தான். அவர்கள் உள்ளூர்த் தோங்கா குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் மீன்பொறிகளை இந்த ஏரிகளில் பல தலைமுறையாகப் பராமரித்துவரும் மக்கள். குச்சிகளை வளைவு வளைவாக நட்டு, கடலுக்குத் திரும்பும் மீனைக் கூடைவரை நடத்திச் செல்லும் அந்த வேலிகள் முதலிரண்டு ஏரிகளிலும் நீள நீளமாகத் தெரியும். எந்தப் பொறி யாருடையது, எந்த வேலியோரம் நீர் எப்படிச் சுழலும், அங்கே எந்த மீன் காத்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவை. வேலியில் படகைக் கட்டவோ, ஃப்ளை சிக்கிக்கொண்டால் இழுத்துப் பறிக்கவோ அவர்கள் அனுமதிப்பதில்லை. அது இன்னொருவர் வீட்டுச் சோறு என்று எங்களுடன் வந்தவர் கூறியது முற்றிலும் நியாயமானது.

அவர்கள் காட்டித் தரும் மீன்களுள் மிக அருமையானது ஸ்பாட்டட் கிரண்டர். நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த மீன்தான். ஆனால் இரை வைத்துப் பிடிப்பதற்கும் ஃப்ளையால் பிடிப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மணல் இறால் வாழும் வளைகளுக்குள் நீரைப் பீய்ச்சி இரையை வெளியேற்றுவது அதன் வழக்கம். தலை கீழாகவும் வால் நீர்மட்டத்துக்கு மேலாகவும் நிற்கும் அந்தச் சில நொடிகளில், எடை கட்டிய சிறு ஃப்ளையை அதற்கு ஒரு முழம் முன்னால் ஓசையின்றி இட வேண்டும். நண்டு வடிவமும் இறால் வடிவமும் இங்கே எடுபடுகின்றன. மீன் பின்தொடர்ந்து வரும், நின்று பார்க்கும், திரும்பிப் போய்விடும். இது பலமுறை நடக்கும். கவ்வியபின் தூண்டிலை மேலே உயர்த்துவது நன்னீர்ப் பழக்கம். இங்கே தூண்டிலின் முனையை மீனை நோக்கி வைத்தபடி இடக்கையால் கயிற்றை நீளமாக இழுத்தே முள்ளைப் பதிக்க வேண்டும். வழிகாட்டி இதைப் பொறுமையாகக் கரையிலேயே பழக்கிய பிறகுதான் திட்டுக்கு அழைத்துச் சென்றார். வாய்க்கால் ஓரங்களில் இளம் பாரைகளும், ஊளி மீனும், கொக்கி பட்டதும் நீரைவிட்டுத் துள்ளும் ஸ்ப்ரிங்கரும் கிடைக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விடுதியின் விளம்பரப் படங்களில் ஒருவர் இரு கைகளாலும் தாங்க முடியாத அளவுக்குப் பெரிய பாரைகள் காட்டப்படுகின்றன. ஏரிக்குள் வளர்பவை பெரும்பாலும் இளம் மீன்கள். பெரியவை வெளிக்கடலுக்கும் பவளத்திட்டுகளுக்கும் உரியவை. அந்தப் படத்தை நம்பிப் பெரிய மீனுக்கான கனத்த 12-ஆம் எண் தூண்டிலுடன் வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும், அதைவிட இலகுவான 8-ஆம் எண் தூண்டிலுடன் வருபவரோ மனநிறைவுடன் திரும்புவார். பதிவுக் கடிதத்தில் அவ்வளவு நேர்மையாக எழுதுபவர்கள் படத்திலும் அதே நேர்மையைக் காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை வாடகைக் கருவிகளில் இருந்தது. எங்களுக்குத் தரப்பட்ட ரீல்களில் சுற்றியிருந்தவை டிரேக்கன்ஸ்பெர்க் மலையோடைகளில் டிரௌட் பிடிக்க ஏற்ற குளிர்நீர்க் கயிறுகள். வெயில் ஏறியதும் அவை தளர்ந்து பிசுபிசுத்து, தூண்டில் வளையங்களில் ஒட்டிக்கொண்டன. எதிர்காற்றில் பாதித் தூரம்கூடப் போகவில்லை. வெப்பமண்டலக் கயிறுகள் விறைப்பான உள்ளிழையோடு செய்யப்படுவதன் காரணமே இதுதான். தம் தொழிலை இவ்வளவு நன்றாக அறிந்த ஒரு விடுதி, விருந்தினர் கையில் இப்படிப்பட்ட கயிற்றைத் தருவது பொருந்தவில்லை. புகாரைக் கேட்டு உடனே வழிகாட்டியின் சொந்தத் தூண்டிலைக் கொடுத்தார்கள், கயிறுகளை மாற்றுவதாகவும் உறுதி சொன்னார்கள். ஆயினும் செல்பவர்கள் சொந்தமாகவே கொண்டுபோவது நல்லது: ஒன்பது அடி நீளமுள்ள 8-ஆம் எண் தூண்டில், உப்புநீரைத் தாங்கும் ரீல், மிதக்கும் வெப்பமண்டலக் கயிறு, வாய்க்கால் ஆழங்களுக்காக மெல்ல அமிழும் கயிறு ஒன்று, கயிற்றின் நுனியில் கட்டும் ஃப்ளூரோகார்பன் லீடர் இழை, தாம்பிர நிறக் கண்ணாடி பதித்த போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி, கணுக்காலை மூடும் தட்டையான அடிப்பகுதியுள்ள காலணி. ஒவ்வொரு மாலையும் ரீலை நன்னீரில் கழுவத் தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள்; அது பாராட்டுக்குரியது.

ஃப்ளையில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது விடுதியின் விதி. நாட்டுச் சட்டப்படி 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கிரண்டரை நாளொன்றுக்கு ஐந்துவரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், இவ்வளவு செலவழித்துப் பிடித்த மீனைக் கறிக்குத் தராமல் விடுவதா என்று நம்மவர்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் வருகைக்குப் பின், டர்பன் குடாவின் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்து வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மீன் அவர்களுக்கு விளையாட்டுப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் இந்த விதியை நான் மனமார ஏற்கிறேன். இந்த ஏரியில் மீனை எடுக்கும் உரிமை முதலில் அந்தப் பொறிகளை நம்பி வாழ்பவர்களுக்கு உரியது. பொழுதுபோக்குக்காகச் செல்பவர்கள் அவர்களோடு போட்டியிடுவது அழகல்ல. மீனை விடுவதையும் இங்கே ஒழுங்காகச் செய்கிறார்கள்: கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே நசுக்கிவிடுகிறார்கள், கையை நனைத்த பிறகே மீனைத் தொடுகிறார்கள், நீருக்கு வெளியே தூக்கி நீண்ட நேரம் படமெடுக்க விடுவதில்லை. மீன் உண்ண ஆசைப்படுபவர்கள் வீடு திரும்பிப் புளி கரைத்து ஷாட் மீன் குழம்பு வைத்துக்கொள்ளலாம், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஷாட் பிடிக்கத் தடை என்பதை மட்டும் நினைவில் வைத்து.

அறைகள் எளியவை, தூய்மையானவை. கொசுவலை கிழிசலின்றி இருந்தது. அது மலேரியா பரவும் பகுதியாதலால், புறப்படும் முன் மருத்துவரைக் கண்டு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம். சைவம் உண்பவர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார்; முன்கூட்டியே எழுதியிருந்ததால் சமையலறையில் பருப்பும் கீரையும் பீன்ஸ் கறியும் காரம் குறையாமல் செய்து தந்தார்கள்.

டர்பனிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். என்2 நெடுஞ்சாலையில் ஷ்லுஷ்லுவே வரை சென்று, அங்கிருந்து ஆர்22 சாலையில் ம்பஸ்வானா வழியாக மங்குசியை அடைய வேண்டும். மாடும் ஆடும் சாலையிலேயே நிற்குமாதலால் இருட்டுவதற்கு முன் போய்ச் சேரும்படி புறப்படுங்கள். மங்குசிக்குப் பின் மணற்பாதை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி இல்லாமலும், டயர் காற்றை ஏறக்குறைய 1 பார் அளவுக்குக் குறைக்காமலும் அதில் ஓட்ட முடியாது. அத்தகைய வண்டி இல்லாதவர்களை ஊரிலிருந்து விடுதியினரே அழைத்துச் செல்கிறார்கள். கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது 2002ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது, முகத்துவாரத்துக்கு விடுதியின் படகில் செல்லலாம். பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டை டர்பனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் அதனுள் அடங்காது.

முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதியினரிடம் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்டுப் பதில் பெறுங்கள்: வழிகாட்டி உங்கள் படகுக்கு மட்டும் உரியவரா, மற்றொரு குழுவோடு பகிரப்படுபவரா என்பது ஒன்று, பலத்த வடகிழக்குக் காற்றால் திட்டுக்குப் போக முடியாமல் போகும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்பது மற்றொன்று. எங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தபோது, மரங்களின் மறைவில் இருந்த வாய்க்காலுக்கு அழைத்துச் சென்றார்கள். அன்றைய படகுக் கட்டணத்தில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.