தேயிலை பார்க்க ஊட்டியா, மூணாறா?

போன வருஷம் மே மாதம் ஊட்டி, தீபாவளி கழிந்து ஒரு புதன்கிழமை மூணாறு. ஒரே வருஷத்தில் இரண்டு தேயிலை அருங்காட்சியகங்களைப் பார்த்தாயிற்று. இரண்டுக்கும் கூட வந்தவர் என் மாமியார். மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு தேனியில் எங்களோடு இருக்கிறார். "இதுல பார்க்க என்ன மாப்ள இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் வண்டியில் ஏறினார்.

என் ஓட்டு மூணாறுக்கு. முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்கும்போது என் சாய்வைக் கழித்துக்கொள்வீர்கள்.

தூரம், செலவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேனியிலிருந்து போடிமெட்டு ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் மூணாறு. ஊட்டிக்கு ஒரு பகல் போய்விடும், 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். நுழைவுக் கட்டணம் இரண்டு இடத்திலும் யாரையும் யோசிக்க வைக்காது.

ஊட்டியில் தொட்டபெட்டா போகிற வழியில் இருக்கிறது தேயிலைத் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும். ஓடுகிற ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், அதுதான் அங்கே விசேஷம். வாடப்போட்ட கொழுந்து, அதை அரைத்து நறுக்கும் உருளைகள், பச்சை நிறம் மெல்ல மெல்லச் செம்பு நிறமாவது, அப்புறம் காயவைத்துச் சலிப்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வெளியே வரும்போது சின்னக் கப்பில் ஏலக்காய் டீ, பக்கத்திலேயே சாக்லேட்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்த அத்தை, தேயிலை ஃபேக்டரிக்குள் கால் வைத்ததே இல்லை. மூட்டை நிறுத்து லாரி ஏறினால் அவர்கள் வேலை முடிந்தது, உள்ளே நடப்பது வேறு ஆட்களின் வேலை. நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வரும் என்றேன். "அவ்வளவுதானா?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிற்க முடிந்தால்தானே! மே மாதக் கூட்டம். பின்னால் நாற்பது பேர், முன்னால் செல்ஃபி எடுக்கிற ஒரு குடும்பம். திருப்பதி வரிசை மாதிரி நகர்த்திக்கொண்டே வந்துவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் டீக் கப்போடு வெளியே நின்றோம். சீசனில் போனது எங்கள் தப்பு, அந்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என் தேர்வை முடிவு செய்தது அந்த இருபது நிமிஷம்தான். வயதானவர்களோடு, அதுவும் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்களோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஒரு பொருள் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை. அவர்கள் பார்ப்பது கொஞ்சம், அதைப் பார்த்ததும் ஞாபகம் வருவது நிறைய. அந்த ஞாபகம் வாய்க்கு வர அஞ்சு நிமிஷமாவது ஆகிறது.

மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற அருங்காட்சியகத்தில் அந்த அஞ்சு நிமிஷம் ஒவ்வொரு அறையிலும் கிடைத்தது. வெளியே ஒரு சூரியக் கடிகாரம், 1913இல் செய்தது. எங்கே செய்தது என்று பார்த்தால் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், அங்கிருந்த தொழிற்பள்ளியில். உள்ளே 1905 காலத்து கொழுந்து உருட்டும் பொறி, ஒரு காலத்தில் தண்ணீர் விசையில் சுழன்று எஸ்டேட்டுக்கு மின்சாரம் தந்த பெல்டன் சக்கரம், பழைய தொலைபேசி இணைப்பகம், தட்டச்சுப் பொறி, துரைமார் குளித்த மரத்தொட்டி. பெரியகானல் பக்கம் கிடைத்த முதுமக்கள் தாழியும் உண்டு. "தேயிலைக்கும் தாழிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி.

அவரை நிறுத்திவைத்தது ஒரு ரயில் எஞ்சினின் சக்கரம். மூணாறில் ரயில் ஓடியது பலருக்குத் தெரியாது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் இரட்டைத் தண்டவாளக் குறும்பாதையாக (நேரோ கேஜ்) மாறி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை போனது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வந்து சேரும். 1924 வெள்ளம், மலையாளிகள் தங்கள் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்து 99ஆம் வருஷத்து வெள்ளம் என்கிறார்களே அதுதான், தண்டவாளத்தையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. "எங்க தாத்தா டாப் ஸ்டேஷன்ல பெட்டி ஏத்துனவரு. ரயில்ல ஏத்துனேன்னு அவர் சொல்லும்போது நாங்க சிரிப்போம், இங்க ஏது ரயிலுன்னு." சக்கரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். யாரும் நகரச் சொல்லவில்லை.

சின்ன அளவில் தூள் தயாரித்துக் காட்டும் பிரிவு இங்கேயும் உண்டு. ஊட்டியில் பாதியில் விட்டதை அங்கே முழுதாகப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கொழுந்தை நகத்தால் கிள்ளுவீர்களா என்று கேட்டாள். "கிள்ளுனா சாயங்காலம் நகம் இருக்காதும்மா, ஒடிக்கணும்" என்று இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். இப்போது பெரும்பாலும் கத்தரிதான் என்பதையும் சேர்த்தே சொன்னார். 2015இல் 20 சதவீத போனஸ் கேட்டு தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதில் தானும் இருந்ததைச் சொல்லும்போது அந்தப் பெண்ணோடு இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு குறை. அங்கே என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பகுதி துரை பங்களாவும் ஆபீசும் தந்த பொருட்கள். பெரட்டுக்களத்தின், அதாவது தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடத்தின் கதை வேண்டுமென்றால் அத்தை மாதிரி ஒருவரைக் கூடவே கூட்டிப் போக வேண்டும். நீலகிரியிலும் இதே நிலைமைதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அங்கிருந்து வந்தவர்களை வைத்து உருவான டான்டீ, அதாவது தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களின் கதையைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. ஊட்டிக்குச் சீசனில் போனேன், மூணாறுக்குச் சாதாரண வாரநாளில். இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இந்தத் தலைப்பில் வேறு கட்டுரை எழுதியிருப்பேனோ என்னவோ. அதோடு, தேயிலை எப்படித் தூளாகிறது என்பது மட்டும் போதும் என்கிறவர்களுக்கு ஊட்டியே போதும்.

ஊட்டி ஒரே அடியில் ஜெயிக்கிற இடம் வர்க்கி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், விறகு அடுப்பில் வேகிற அடுக்கு அடுக்கான மொறுமொறுப்பு. மூணாறில் டீக்குப் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) கிடைக்கும், நல்லாவே இருக்கும், ஆனாலும் வர்க்கிக்கு ஈடில்லை. தேயிலைக்கு இவ்வளவு செய்தவர்கள் வர்க்கிக்கும் ஒரு அறை ஒதுக்கலாம். முதல் நாள் வழியில் ஒரு கடையில் பாக்கெட்டாக வாங்கி ஏமாந்தோம், டால்டா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் குன்னூரில் சொந்த அடுப்பு வைத்திருக்கிற பேக்கரியில், தட்டு இறக்கும்போதே நெய் வர்க்கி வாங்கினோம். விரல் பட்டாலே உதிர்ந்தது. டீயில் முழுக்க முக்காதீர்கள், நுனி மட்டும். அன்றைக்குச் சுட்டதுதானா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இறுக மூடிவையுங்கள்.

மூணாறு போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. உள்ளே மூணாறு வரலாறு பற்றிய படம் போடுவார்கள், அடுத்த காட்சி எப்போது என்று கேட்டுவிட்டு மற்ற அறைகளுக்குப் போங்கள். அப்புறம், திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் முதலில் கிளம்ப இருந்ததே ஒரு திங்கட்கிழமைதான். அத்தையோடு ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த ஒரு அக்கா போன் பண்ணிச் சொன்னதால் புதனுக்கு மாற்றினோம்.